கூண்டு அட்டையில் ஒரு பெயர்

(காட்சி: கம்பிக்குப் பின்னால் பழுப்பு நிற நாய்)

இந்த நாயை நல்லாப் பாருங்க. அகலமான தலை, குட்டை ரோமம், நெஞ்சுல வெள்ளைத் திட்டு. என்ன இனம்? உங்க மனசுல இந்நேரம் ஒரு பெயர் வந்திருக்கும்.

அமெரிக்க நாய்க் காப்பகங்கள்ல நடக்கிறதும் இதேதான். தெருவுல பிடிச்ச நாயோட தாய் தகப்பன் யாருன்னு யாருக்கும் தெரியாது. ஆனா 'இனம்'ங்கிற கட்டத்தை நிரப்பணும். ஊழியர் ஒரு பார்வை பார்த்துட்டு 'பிட்புல் கலப்பு'ன்னு எழுதிடுறார். அதுதான் அட்டையில ஏறுது. பிட்புல்னா, கடிச்சுக் குதறிடும்னு பலர் பயப்படுற நாய் வகை.

அந்தக் கணிப்பு எவ்வளவு சரி? ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 காப்பகங்கள்ல 120 நாய்களை எடுத்துக்கிட்டாங்க. இனம் சொன்னது 16 ஊழியர்கள், அதுல 4 பேர் கால்நடை மருத்துவர்கள். 2015-ல முடிவு வந்துச்சு. ஊழியர்கள் பிட்புல் வகைன்னு சொன்னது 62 நாய்களை. டிஎன்ஏ சொன்னது 25! நிஜமாவே அந்த ரத்தம் இருந்த நாய்கள்லயும் அஞ்சுல ஒண்ணை ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கலை.

(காட்சி: காக்கர் ஸ்பேனியல், பசென்ஜி, அவற்றின் குட்டிகள்)

ஊழியர்கள் மேல தப்பில்லை. கண்ணால பார்த்துச் சொல்ற விஷயமே இல்லை இது. காக்கர் ஸ்பேனியலுக்கு நீள ரோமம், பசென்ஜிக்குக் குட்டை ரோமம். ரெண்டையும் சேர்த்தா குட்டிக்குக் குட்டை ரோமம்தான் வரும். நீள ரோமத்தோட மரபணு உள்ளேயே ஒளிஞ்சிருந்து, பேரன் பேத்தி காலத்துல திரும்ப எட்டிப் பார்க்கும். பல கலப்புக் குட்டிகள் தாய் மாதிரியும் இருக்காது, தகப்பன் மாதிரியும் இருக்காது.

அந்த அட்டையை வச்சுத்தான் வீட்டு ஓனர் வாடகைக்கு இடமில்லைங்கிறார், சில காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரிக்குது. டென்வர் நகரத்துல 1989-ல இருந்து பிட்புல் வளர்க்கவே தடை. 2020-ல மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் அதை நீக்கினாங்க. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோட 2016 ஆய்வு எனக்கு இன்னும் வலிக்குது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற நாய்கள்தான். ஆனா பிட்புல்னு பெயர் எழுதின நாய், வேற பெயர் எழுதின நாயைவிட மூணு மடங்குக்கும் மேலான காலம் கூண்டுல காத்துக் கிடந்திருக்கு.

நாய்க்கடி பயம் நியாயமான பயம். பிள்ளை கடிபட்ட வீட்டுல போய் நான் அதை மறுக்க மாட்டேன். ஆனா 2022-ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த பெரிய ஆய்வுப்படி, நாய்க்கு நாய் குணம் மாறுறதுல இனத்தோட பங்கு சுமார் 9 சதவீதம்தான். அப்போ பார்க்க வேண்டியது எதிர்ல நிக்கிற அந்த ஒரு நாயைத்தானே?

ஃப்ளோரிடாவுல ஆரஞ்சு கவுண்டி காப்பகம் 2014-ல அட்டையில இருந்து இனத்தையே எடுத்துடுச்சு. அதுக்கப்புறம் பிட்புல் மாதிரி தெரியுற நாய்களைத் தத்தெடுக்கிறது கூடிச்சு.

நீங்க தத்தெடுக்கப் போனா, கூண்டைத் திறக்கச் சொல்லுங்க. கயிறைப் பிடிச்சு அரை மணி நேரம் நடங்க. சைக்கிள் போனா பாயுதா, குழந்தை ஓடினா ஒதுங்குதா, சாப்பாட்டுத் தட்டுகிட்ட கை போனா உறுமுதான்னு தினமும் சோறு போடுறவர்கிட்ட கேளுங்க.