கோலோமா ஏன் நகரமாகவில்லை?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

சான் பிரான்சிஸ்கோவை வளர்த்தவர்கள் தங்கம் தோண்டியவர்களா, தோண்டியவர்களுக்குச் சோறும் துணியும் கூரையும் கொடுத்தவர்களா என்பது தலைப்பு. நாங்கள் இரண்டாமவர்கள் பக்கம். தங்கம் இல்லையென்றால் அங்கே யார் போயிருப்பார்கள் என்று கேட்டார் எதிரணித் தலைவர். சரி, கூட்டம் வந்தது தங்கத்தால்தான். ஆனால் வந்த கூட்டம் எப்படி ஊராயிற்று? அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் கண்ணில் தங்கம் பட்டது கோலோமாவில். சட்டர் என்பவருக்காகக் கட்டிக்கொண்டிருந்த மரம் அறுக்கும் ஆலையின் கால்வாயில் அது மின்னியது. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 200 கிலோமீட்டர். தோண்டுகிறவர்களால் நகரம் எழும் என்றால், நடுவர் அவர்களே, எழுந்திருக்க வேண்டியது கோலோமாதானே? இன்றைக்கும் அது சின்னக் கிராமம். கலிபோர்னியாவின் கிழக்கு மலைப்பக்கம் போடி என்று ஓர் ஊர். 1880 வாக்கில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த சுரங்க ஊர். தங்கம் குறைந்தது, ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். இப்போது சுற்றுலாப் பயணிகள் காலி வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வருவோம். 1848 தொடக்கத்தில் சுமார் ஆயிரம் பேர். 1849 முடிவதற்குள் ஏறக்குறைய 25,000. அந்த மழைக்காலத்தில் தெருவெல்லாம் சேறு. விற்காத சரக்குப் பெட்டிகளையும் அடுப்புகளையும் சேற்றில் போட்டு மிதித்து நடந்தார்கள். துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் அப்படியே நின்றன. மாலுமிகள் தங்கம் தேடி ஓடிவிட்டார்கள்! அந்தக் கப்பல்களை வீணாக விடாமல் ஊராக மாற்றியவர்கள் எங்கள் கட்சிக்காரர்கள். 'நயான்டிக்' கரைக்கு இழுக்கப்பட்டுக் கிடங்கானது. 'யூஃபீமியா' ஊரின் சிறைச்சாலையானது. கடலோரத்தை மண்போட்டு மேடாக்கித் தெரு அமைத்தார்கள். இன்றைய வங்கித் தெருக்களுக்கு அடியில் அஸ்திவாரம் தோண்டும்போது பழைய கப்பல்களின் அடிப்பாகம் தட்டுப்படுகிறது.

அப்புறம் தீ. 1849 டிசம்பரிலிருந்து 1851 ஜூன் வரை, 18 மாதத்தில் ஆறு பெருந்தீ. 1851 மே மாதத் தீயில் ஊரின் பெரும்பகுதி சாம்பல். ஒவ்வொரு முறையும் மறுபடி கட்டியது யார்? தச்சர், கொத்தனார், கடைக்காரர். சம்பளமில்லாத் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் உருவாயின. தெருவுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டிகள் கட்டினார்கள். ஓடிப்போக நினைத்தவன் எவனும் தண்ணீர்த் தொட்டி கட்டமாட்டான்.

வியாபாரிகள் சுரண்டினார்கள் என்று எதிரணியில் சாமுவேல் பிரன்னனைக் காட்டினார்கள். மண்வெட்டியையும் தங்கம் அரிக்கும் தட்டையும் வாங்கிக் குவித்துவிட்டு, "தங்கம், தங்கம்" என்று தெருவில் கூவிய ஆள். பேராசைக்காரர்தான், நான் வக்காலத்து வாங்கவில்லை. எங்கள் அணி பிரன்னனோடு முடிந்துவிடவில்லை. 1850இல் வெளிநாட்டுச் சுரங்கக்காரர்களுக்கு மாதம் 20 டாலர் வரி போட்டார்கள். மெக்சிகோக்காரரும் சிலிக்காரரும் அதனால் சுரங்கத்தைவிட்டே விரட்டப்பட்டார்கள். அங்கே ஒதுக்கப்பட்ட சீனரில் பலர் நகரத்தில் சலவைக்கடை வைத்தார்கள், உணவகம் திறந்தார்கள். துணி துவைக்க ஆளில்லாமல் அழுக்குத் துணியை ஹவாய்க்குக் கப்பலேற்றிய ஊர் அது! அந்த ஊருக்குத் தினசரி வாழ்க்கையைக் கொடுத்தவர்கள் இவர்கள்.

தோண்டியவர்களின் துணிச்சலைப் புகழ்ந்தார்கள். 1848இல் கலிபோர்னியாவில் சுமார் 1,50,000 பழங்குடி மக்கள். 1870இல் மிஞ்சியவர்கள் சுமார் 30,000. நோய், பட்டினி, கொலை. நகரத்தார் கை சுத்தம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மக்கள் வாழ்ந்த ஆற்றங்கரைகளுக்குள் தங்கம் தேடித் துப்பாக்கியோடு புகுந்த கூட்டத்தை வீரர்கள் என்று கொண்டாட என் மனம் ஒப்பவில்லை.

1850களின் நடுவிலேயே கையால் அரித்தெடுக்கும் தங்கம் அருகிவிட்டது. பலர் கம்பெனிகளில் கூலிக்குச் சேர்ந்தார்கள், பலர் ஊர் திரும்பினார்கள். மார்ஷலே 1885இல் வறுமையில்தான் இறந்தார். சான் பிரான்சிஸ்கோவிலோ 1860 கணக்கெடுப்பில் 56,802 பேர். தங்கம் குறையக் குறைய நகரம் பெருத்தது எப்படி என்று அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் விளக்கட்டும். நன்றி, வணக்கம்.