ராணுவ சர்ப்ளஸ் லாரி: பெயரில் உள்ள டன்னை நம்பி ஏலம் கேட்காதீர்கள்

[திரை: ஏல யார்டில் வரிசையாக நிற்கும் பச்சை, மணல் நிற லாரிகள்]

அமெரிக்க ராணுவம் கழித்த லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, அதில் கனமான பாரம் ஏற்ற நினைக்கிறீர்கள். மூன்று ஆக்ஸிலும் இழுக்கும், டயர் இடுப்பு உயரம் இருக்கும், விலையும் புது லாரியோடு ஒப்பிட்டால் குறைவு. எதை ஏற்றினாலும் தாங்கிவிடும் என்றுதான் தோன்றும். இந்த வீடியோவில் லாரியின் தோற்றத்தை விட்டுவிடுவோம். அது எந்தத் தரையில் ஓடப்போகிறது, ஏற்றிய பாரத்தோடு எப்படி நிற்கும் என்ற இரண்டையும் வைத்துத் தேர்ந்தெடுப்போம். இழுவைத் திறனைப் பற்றிப் பிறகு யோசித்தால் போதும். இந்த லாரிகளில் இழுவைக்குப் பெரும்பாலும் குறை இருக்காது.

[திரை: டாஷ்போர்டில் உள்ள உலோகத் தகட்டின் நெருக்கக் காட்சி]

"இரண்டரை டன்", "ஐந்து டன்" என்று சொல்வது லாரியின் எடையும் அல்ல, சாலையில் ஏற்றக்கூடிய உச்ச பாரமும் அல்ல. பாதையே இல்லாத நிலத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கான கணக்கு அது. இங்கே ஒரு டன் என்பது 2,000 பவுண்டு. இரண்டரை டன் வகையான எம்35ஏ2 லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் 5,000 பவுண்டு, நல்ல சாலையில் 10,000 பவுண்டு. பின்னால் கட்டி இழுப்பதற்கு மண்ணில் 6,000, சாலையில் 10,000. அதாவது சாலையில் சுமார் 4,500 கிலோ எடையுள்ள டிரெய்லர்தான் எல்லை. 14,000 பவுண்டு பேக்ஹோ மண் வெட்டும் இயந்திரத்தை 6,000 பவுண்டு டிரெய்லரில் ஏற்றினால் மொத்தம் 20,000 ஆகிவிடும், எல்லையைப் போல இரண்டு மடங்கு. எஞ்சின் அதை மெதுவாக இழுத்துவிடும், சிக்கல் இறக்கத்தில்தான். இந்த எண்கள் டாஷ்போர்டுத் தகட்டிலேயே இருக்கும். விற்பவர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் தகட்டைப் படியுங்கள்.

[திரை: எம்35ஏ2, பக்கவாட்டில்]

எம்35 பலருக்கும் பிடித்த வண்டி. வெறும் எடை சுமார் 13,000 பவுண்டு, பின்பெட்டி 12 அடி. 7.8 லிட்டர் மல்டிஃபியூயல் (பல எரிபொருளில் ஓடும்) எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். வேகம் மணிக்கு 56 மைலைத் தொட்டதும் மூச்சு நின்றுவிடும். மல்டிஃபியூயல் என்றதும் கழிவு எண்ணெய் எதையும் ஊற்றலாம் என்று ஒரு கூட்டம் சொல்லும். காதில் வாங்காதீர்கள், டீசலே போடுங்கள். எஞ்சினை 2,600 ஆர்பிஎம்முக்கு மேல் போகவிடக் கூடாது. இறக்கத்தில் கீழ் கியரைத் தவறாகப் போட்டு, எஞ்சின் அந்த எல்லையைத் தாண்டிச் சுழன்றால் உள்ளே பெரிய சேதம் ஆகும்.

இந்த வண்டியில் உண்மையான கவலை பிரேக். காற்று அழுத்தம் மிதியின் விசையைக் கூட்டிக் கொடுக்கும், ஆனால் சக்கரம் வரை போவது ஹைட்ராலிக் எண்ணெய். அதுவும் ஒரே சர்க்யூட். ஒரு குழாய் வெடித்தாலோ ஒரு வீல் சிலிண்டர் பிய்ந்தாலோ மிதி தரைக்குப் போய்விடும். எல்லாச் சக்கரங்களும் சேர்ந்தே பிரேக்கை இழக்கும். மிஞ்சுவது டிரைவ்லைனைப் பிடிக்கும் பார்க்கிங் பிரேக் மட்டும்தான். ஆகவே எம்35 வாங்கினால் ஹோஸ்கள், வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் புதிதாகப் போடும் செலவை வாங்கும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். பண்ணைக்குள் விறகும் வைக்கோலும் தூக்க அருமையான லாரி. நெடுஞ்சாலையில் கனரக டிரெய்லர் இழுக்க அல்ல.

[திரை: எம்923, எம்923ஏ2 அருகருகே]

பாரம்தான் நோக்கம் என்றால் கண் போக வேண்டிய இடம் ஐந்து டன் வகையான எம்939 வரிசை. எம்923 சரக்கு லாரி, எம்925 அதுவே வின்ச்சோடு (கம்பி வடத்தால் இழுக்கும் கருவி), எம்927 நீண்ட பெட்டி, எம்931 டிராக்டர், அதாவது பெட்டி இல்லாமல் டிரெய்லரை மாட்டி இழுக்கும் லாரி. முதல் வகையிலும் ஏ1 வகையிலும் 14 லிட்டர் கம்மின்ஸ் என்ஹெச்சி-250. ஏ2 வகையில் 8.3 லிட்டர் டர்போ கம்மின்ஸ். இரண்டுமே சுமார் 240 குதிரைத்திறன், இரண்டுக்கும் அலிசன் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். இரண்டு எஞ்சின்களும் சிவில் உலகில் ஏராளமாக ஓடியவை என்பதால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை. இதற்கு முந்திய எம்809 வரிசையிலும் அதே 14 லிட்டர் கம்மின்ஸ்தான், ஆனால் பிரேக் எம்35 போலக் காற்றும் எண்ணெயும் கலந்தது. எம்939-இல் முழு ஏர் பிரேக். காற்று போய்விட்டால் ஸ்பிரிங் வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குக் கிடைத்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே எம்939-ஐ எடுங்கள்.

இதற்கும் ஒரு கெட்ட பெயர் உண்டு. ஈர ரோட்டில், பாரம் இல்லாமல் போகும்போது பிரேக்கை அழுத்தி மிதித்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு லாரி பக்கவாட்டில் வழுக்கும். விபத்துகள் கூடியதால் 1999-இல் அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகமே இந்த வரிசையைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. ராணுவம் மணிக்கு 40 மைல் என்று வேகத்தைக் கட்டுப்படுத்தியது, பிறகு சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் பொருத்தும் வேலையைத் தொடங்கியது. எனவே யார்டில் பார்க்கும்போது ஏபிஎஸ் பொருத்திய வண்டியா என்று கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைகிறதா என்று நீங்களே பாருங்கள்.

டயரைப் பொறுத்தவரை, முதல் வகைக்குப் பின்னால் இரட்டை டயர். ஏ1, ஏ2 வகைகளுக்குப் பெரிய 14.00ஆர்20 ஒற்றை டயர். சேற்றுக்கு ஒற்றை நல்லது, சாலைப் பாரத்துக்கு இரட்டை நல்லது. ஒற்றை டயர் போட்ட வண்டி உயரமாக நிற்கும், பாரம் ஏற்றியதும் வளைவில் சாயும்.

[திரை: எம்1083, கேபின் முன்னால் சாய்ந்த நிலையில்]

எஃப்எம்டிவி வரிசை இன்னும் புதியது. எம்1078 நான்கு சக்கரம், இரண்டரை டன். எம்1083 ஆறு சக்கரம், ஐந்து டன். கேட்டர்பில்லர் எஞ்சின், ஏழு கியர் அலிசன். எப்போதும் எல்லாச் சக்கரமும் இழுக்கும். ஓட்டுவதற்கு மூன்றிலும் இதுதான் சுகம். ஆனால் கியர்பாக்ஸும் டயர் காற்றை ஓடும்போதே கூட்டிக் குறைக்கும் அமைப்பும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இருப்பவை. வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் நின்ற வண்டியில் முதலில் படுப்பது அந்தக் காற்று அமைப்பும் கேபினைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பும்தான். கேபின் தூக்காவிட்டால் எஞ்சினில் பெரிய வேலை எதுவும் செய்ய முடியாது. ஏலத்துக்கு முன் ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எட்டு சக்கர ஹெம்ட், அதாவது எம்977, பத்து டன் வகை. டூ-ஸ்ட்ரோக் டெட்ராய்ட் 8வி92, 445 குதிரைத்திறன். வெறும் எடையே 38,000 பவுண்டு வரும். காட்டு மரம் வெட்டும் தொழில், எண்ணெய்க் கிணறு என்று தினமும் வேலை இருப்பவர் மட்டும் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு டீசல் செலவே போதும் போதும் என்றாகிவிடும்.

[திரை: எம்915 டிராக்டர், பின்னால் லோபெட்]

இப்போது பலர் தவறவிடும் வண்டி. உங்கள் பாரம் முழுக்கத் தார்ச் சாலையிலேயே போகிறது என்றால் 6×6, அதாவது ஆறு சக்கரமும் இழுக்கும் வண்டி, உங்களுக்குத் தேவையே இல்லை. முன் ஆக்ஸில் டிரைவ், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் சும்மா சுமக்கும் எடை. எம்915 வரிசை 6×4 (ஆறில் நான்கு மட்டும் இழுக்கும்) டிராக்டர், அடிப்படையில் சாதாரண நெடுஞ்சாலை லாரிக்குப் பச்சை வண்ணம் அடித்தது. பார்க்க வீரமாக இருக்காது, அதனாலேயே ஏலத்தில் போட்டி குறைவு. நெடுஞ்சாலை வேகத்தில் தயங்காமல் போகும், பாகங்கள் எந்த லாரிப் பட்டறையிலும் கிடைக்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். டிராக்டர் 19,000 பவுண்டு, தாழ்தள டிரெய்லரான லோபெட் 16,000, மேலே 45,000 பவுண்டு எக்ஸ்கவேட்டர். கூட்டினால் 80,000. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தனி அனுமதி இல்லாமல் போகக்கூடிய மொத்த எடை அதுவேதான். டீசலும் ஓட்டுநரும் ஏறினாலே தாண்டிவிடும். அடுத்தடுத்த இரண்டு ஆக்ஸில்களுக்குச் சேர்த்து 34,000 என்ற வரம்பும் தனியாக உண்டு. அதனால் எக்ஸ்கவேட்டரை ஒரு அடி முன்னால் நிறுத்துவதா பின்னால் நிறுத்துவதா என்பதுகூட முக்கியம்.

எம்931 போன்ற 6×6 டிராக்டரில் சிவில் டிரெய்லர் மாட்ட நினைத்தால் முதலில் டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் தட்டான ஃபிஃப்த் வீலின் உயரத்தை அளந்து பாருங்கள். சாதாரண டிரெய்லர்கள் 47 முதல் 49 அங்குலத்துக்குச் செய்யப்பட்டவை. லாரி அதைவிட உயரமாக இருந்தால் டிரெய்லரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், எடை பின் ஆக்ஸிலில் குவியும், பாலத்துக்கு அடியில் உயரமும் இடிக்கும். டாங்கி ஏற்றும் எம்1070-க்குக் கிங்பின் (டிரெய்லரை அந்தத் தட்டில் பூட்டும் முளை) 3.5 அங்குலம், சாதாரண டிரெய்லருக்கு 2 அங்குலம். இரண்டும் பொருந்தாது. மின்சாரமும் அப்படித்தான். லாரியில் 24 வோல்ட், 12 முள் இணைப்பு. சிவில் டிரெய்லரில் 12 வோல்ட், 7 முள். நடுவில் முறையான கன்வெர்ட்டர் போடுங்கள். தொடரில் உள்ள இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால், ஒன்று வற்றும், மற்றது கொதிக்கும்.

[திரை: காற்று அழுத்த மீட்டர், கூடவே ஓடும் கடிகாரம்]

யார்டுக்குப் போனதும் செய்ய வேண்டியது, ஏர் பிரேக் வண்டி என்றால் இது. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை ஓட்டி, அழுத்தத்தை 120 பிஎஸ்ஐ பக்கம் கொண்டுவாருங்கள். எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, ஒரு நிமிடம் பாருங்கள். தனி லாரியில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. அடுத்து மிதியை முழுக்க அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம், 3-க்கு மேல் கூடாது. பிறகு மிதியைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காற்றை இறக்குங்கள். 60 பக்கம் வரும்போது எச்சரிக்கை ஒலி கேட்க வேண்டும். 45-க்கும் 20-க்கும் இடையில் பார்க்கிங் குமிழ் தானாக வெளியே குதிக்க வேண்டும். குதிக்கவில்லை என்றால் அந்த வண்டி ஓட்டிக்கொண்டு போகத் தகுதியானதல்ல, லோபெட்டில்தான் வர வேண்டும்.

சக்கரத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். பிரேக் தகட்டில் எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் வீல் சீல் போய்விட்டது, ஷூ நனைந்திருக்கும், அந்தப் பக்கம் பிடிக்காது. ஆக்ஸில் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. டயர் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் வாரமும் வருடமும். 2308 என்றால் 2008-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டை ஆழமாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள், நின்றே கிழடான டயர் பாரத்தில் வெடிக்கும். எம்35-இன் பூட்டு வளைய ரிம், போல்ட் போட்டு இணைத்த இரண்டு துண்டு ரிம் எதுவானாலும், காற்றை முழுக்க இறக்காமல் கழற்றவே கூடாது. காற்றோடு பிரிந்த ரிம் ஆளைக் கொல்லும்.

ஓடோமீட்டரைவிட, பழுதுபார்த்துப் புதுப்பித்த ராணுவ டிப்போ அடித்த தகடு இருக்கிறதா என்று தேடுங்கள். தேதியோடு அது இருந்தால் நல்ல அறிகுறி.

[திரை: எஸ்எஃப்-97 படிவத்தின் மாதிரி]

காகித விஷயம் சுருக்கமாக. ஏல விவரத்தில், அரசு வண்டியை உங்கள் பெயரில் பதிய உதவும் எஸ்எஃப்-97 படிவம் தரப்படும் என்று இருக்கிறதா, "சாலைக்கு வெளியே மட்டும்" என்று குறித்திருக்கிறதா என்று ஏலம் கேட்கும் முன்பே படியுங்கள். பதிவு விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநிலப் பதிவு அலுவலகத்தில் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வாடகைக்குப் பாரம் ஓட்டுவதாக இருந்தால், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 26,001 பவுண்டிலிருந்து வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். எம்923 வெறும் வண்டியே சுமார் 21,000. ஐந்து டன்னைச் சேர்த்தால் 31,000.

[திரை: ஹப்பின் மேல் வெப்பமானி]

வீட்டுக்கு வந்ததும் எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், மூன்று ஆக்ஸில் என்று எல்லா எண்ணெயையும் மாற்றுங்கள். ஆக்ஸில்களின் காற்றுத் துளைகளில் சேறு அடைத்திருந்தால் நீக்குங்கள். பிறகு பாதிப் பாரத்தோடு இருபது மைல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு ஹப்பின் (சக்கர மையத்தின்) சூட்டையும் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட மிகச் சூடாக இருந்தால் பிரேக் இழுக்கிறது அல்லது பேரிங் போகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்தே இருந்தால் அங்கே பிரேக் பிடிக்கவே இல்லை. அதைச் சரிசெய்த பிறகே முழுப் பாரம் ஏற்றுங்கள்.