இயங்கலை உடற்கல்வி: பிள்ளைகள் ஏன் கேமராவை அணைக்கிறார்கள்?

(காட்சி: செந்தூல் அடுக்குமாடி வீடு. வரவேற்பறை நாற்காலிகள் ஓரம் தள்ளப்பட்டுள்ளன.)

வணக்கம் ஆசிரியர்களே. 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் உடற்கல்வியும் கைப்பேசிக்குள் வந்தது. இன்றும் புகைமூட்டத்தால் பள்ளி மூடினால் இல்லிருப்புக் கற்றல்தான். முதல் பாடத்துக்கு ஆவலோடு வரும் பிள்ளை, போகப் போகக் கேமராவை அணைத்துவிடுகிறது. சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பாடத்தின் அமைப்பில் இருக்கிறது.

(காட்சி: படியில் ஏறி இறங்கும் கால்கள், அண்மையில்.)

மலேசியப் பள்ளிகளின் உடல்தகுதிச் சோதனையான செகாக்கில் வரும் பலகை ஏறி இறங்குதலை எடுத்துக்கொள்வோம். பலகை உயரம் 30 சென்டிமீட்டர், நேரம் 3 நிமிடம், தாளம் நிமிடத்துக்கு 96 தட்டு. ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. நான்கு தட்டுக்கு ஒரு சுற்று. நிமிடத்துக்கு 24 சுற்று. அந்தத் தாளத்தை கூகுள் மீட் வழியாக ஒலிக்கவிட்டால், இரைச்சலை நீக்கும் வசதி அந்த 'டக் டக்' ஒலியையே விழுங்கிவிடும். மிஞ்சுவதும் வீட்டுக்கு வீடு முன்பின்னாகப் போய்ச் சேரும். தாளம் தப்பிய பிள்ளை தனக்கு வராது என்று ஒதுங்கிக்கொள்ளும். எனவே 3 நிமிடத் தாளத்தைப் பதிவு செய்து முதல் நாளே புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிடுங்கள். அவரவர் வீட்டிலேயே ஒலிக்கட்டும், மைக் அணைந்திருக்கட்டும்.

பிளாஸ்டிக் முக்காலியில் ஏறவே கூடாது. தரை ஓட்டில் அது வழுக்கும், காலுறையும் வழுக்கும். பலகை இல்லாத வீட்டில் அதே தாளத்தில் முழங்காலை இடுப்பளவு உயர்த்தி நின்ற இடத்திலேயே நடக்கலாம். அதன் பின் எண்ணும் நாடித்துடிப்பைச் செகாக் புள்ளியாக மட்டும் பதியாதீர்கள். இரண்டும் வெவ்வேறு உழைப்பு. கீழ்வீட்டாரை நினைத்துக் குதிப்பதையும் தவிர்த்து, பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

(காட்சி: சுவரோரம் படுக்கைவாட்டில் சாய்த்த கைப்பேசி.)

தண்டால் எடுக்கும்போது கைப்பேசி இரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில், தரையோடு இருக்கட்டும். முன்னால் வைத்தால் தலை மட்டும்தான் தெரியும். இடுப்பு தொய்வதை நீங்கள் பார்க்கவே முடியாது. நீங்கள் செய்துகாட்டும்போது முதுகைக் காட்டி நில்லுங்கள், இடம் வலம் குழம்பாது.

பின்னால் அம்மா சமைப்பார், தம்பி ஓடுவான். வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கூச்சம். கேமராவைத் திறக்கச் சொல்லி வற்புறுத்துவதைவிட, 20 வினாடிப் பதிவை ஆசிரியருக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொல்வது மேல். வகுப்புக் குழுவில் அதைப் பகிரவே வேண்டாம்.

ஆர்வத்தைப் பிடித்து வைப்பது பிள்ளையின் சொந்த நாடித்துடிப்பு எண்தான். பயிற்சி முடிந்ததும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே. பெருவிரலால் தொட வேண்டாம், அதன் துடிப்பே குழப்பும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கி நோட்டில் எழுதட்டும். அடுத்த வாரமும் அதே பயிற்சி, அதே தாளம். எண் குறைந்திருந்தால் தன் உடல் தேறுவதைப் பிள்ளை தானே பார்க்கிறது. எண்களை வகுப்பில் வரிசைப்படுத்தி வாசிக்காதீர்கள்; கடைசியில் வரும் பிள்ளை அடுத்த பாடத்துக்கு வராது.

ஆஸ்துமா உள்ளவர்களின் பட்டியலைப் பாடத்துக்கு முன்பே பெற்றோரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பெரியவர் இல்லாத நேரத்தில் அவர்களுக்கு நீட்சிப் பயிற்சி மட்டும் கொடுங்கள்.