காட்டேஜ் 12, ஜன்னல் 48: காப்பியா, பிளாக்கா?

அடுத்த கேள்வி, கட்டிடப் படம் வரைகிற ஆட்டோகேட் மென்பொருளைப் பற்றி கோத்தகிரியில் இருந்து ஒரு தம்பி அனுப்பியது, வாசிக்கிறேன். "அண்ணா, ஒரு எஸ்டேட் சரிவில் 12 காட்டேஜ் வருகிற லேஅவுட், ஆட்டோகேடில் ஒரு காட்டேஜ் வரைந்து மீதியை காப்பி, மிரர் போட்டு வைத்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் 4 ஜன்னல். இப்போது ஓனர் ஜன்னல் 4 அடி வேண்டாம், 5 அடி வேண்டும் என்கிறார். 48 ஜன்னலையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டுமா?"

காப்பி போட்டிருந்தால் ஆமாம் தம்பி, ஒவ்வொன்றாகத்தான். காப்பி போட்ட நிமிடமே அது தனிப் பொருளாகிவிடும், மூலத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதனால் காப்பி கமாண்டைத் தொடும் முன் ஒரே ஒரு விஷயம் யோசித்தால் போதும்: நாளைக்கு இதில் ஒன்று மாறினால் எல்லாமும் மாற வேண்டுமா? மாற வேண்டும் என்றால் பிளாக், அதாவது பல கோடுகளைப் பெயர் வைத்து ஒரே பொருளாகச் சேர்ப்பது; அதன் மூலத்தை மாற்றினால் வைத்த இடமெல்லாம் மாறும். ஒரு மரம், இரண்டு நாற்காலி என்றால் காப்பியே போதும்.

ஜன்னலை மட்டும் பிளாக் ஆக்கினால் பாதி வேலைதான் முடியும், ஏனென்றால் ஜன்னல் 5 அடியாகிவிடும், சுவரில் விட்ட இடைவெளி 4 அடியாகவே நிற்கும். ஜன்னல் ஒரு பிளாக், அந்த ஜன்னலோடும் சுவரோடும் சேர்த்து முழு காட்டேஜும் ஒரு பிளாக், அப்படிச் செய்யுங்கள். இப்போதைக்கு ஒரு காட்டேஜை மட்டும் 5 அடிக்குத் திருத்திவிட்டு, வாசல் பக்கத்து மூலையை பேஸ் பாயிண்டாக (பிளாக்கைப் பிடித்து வைக்கிற புள்ளி) வைத்து பிளாக் ஆக்கி, மற்ற 11 இடத்திலும் அதே மூலையில் இன்சர்ட் செய்து பழையதை அழித்துவிடுங்கள். சரிவுக்கு ஏற்ப ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில் திரும்பியிருக்கும், ரொட்டேட்டில் ரெஃபரன்ஸ் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதைப் பிடித்தால் கோணத்தைக் கணக்குப் போட வேண்டாம். அரை மணி நேர வேலை. அப்புறம் ஓனர் 6 அடி கேட்டாலும் பிளாக் எடிட்டரில் ஒரு தடவை மாற்றினால் 12-ம் மாறும்.

பழையதை அழிக்க மறக்காதீர்கள். நான் ஒரு வேலையில் மறந்துவிட்டேன், கோட்டின் மேல் கோடு அப்படியே உட்கார்ந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை, கதவு எண்ணிக்கை இரட்டிப்பாகப் போய் ஆசாரி போன் செய்து சிரித்தார். தனிக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் ஓவர்கில் கமாண்ட் துடைத்துவிடும்.

மிரர், அதாவது கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி வைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். மிரர் போட்ட பிளாக்கும் அதே பிளாக்தான், அதில் கவலையில்லை. ஆனால் காட்டேஜ் மிரர் ஆகும், மலை மிரர் ஆகாது. கான்டூரை, அதாவது சரிவில் ஒரே உயரத்தில் போகும் தரைமட்டக் கோட்டை அச்சாக வைத்துத் திருப்பினால் மேட்டுப் பக்கம் இருந்த வாசல் பள்ளத்தைப் பார்த்துத் திறக்கும், அங்கே 10 படி கட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றையும் கான்டூரோடு வைத்துப் பாருங்கள்.

தேயிலைச் செடி வரிசை எப்படி வரைவது என்றும் கீழே கேட்டிருக்கிறார். அதற்கு பாத் அர்ரே, ஒரு கோட்டின் வழியே பொருளை வரிசையாக அடுக்குகிற கமாண்ட். செடியை பிளாக் ஆக்கிக்கொண்டு, கான்டூர் கோட்டைப் பாதையாகக் காட்டி, மெஷர் முறையில் 0.75 மீட்டர் இடைவெளி கொடுங்கள். அடுத்த வரிசைக்குக் கோட்டை 1.2 மீட்டர் தள்ளி ஆஃப்செட் செய்தால் போதும். சர்வேயர் தருகிற கான்டூர் பெரும்பாலும் துண்டு துண்டாக வரும், முதலில் ஜாயின் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு துண்டோடு வரிசை நின்றுவிடும். செடிக்கு, பாதையோடு சேர்த்துத் திருப்புகிற அலைன் ஐட்டம்ஸ் தேவையில்லை. இதே முறையில் நம்ம மலை ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை அடுக்கினால் அது கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் கட்டைகள் திரும்பாமல் ஒரே பக்கம் பார்த்து நிற்கும்.

கடைசியாக ஒன்று, தம்பி கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் மாட்டிக்கொள்வார். சரிவில் ஒவ்வொரு காட்டேஜுக்கும் தரை மட்டம் வேறு. அந்த லெவலைச் சாதாரண எழுத்தாக பிளாக்குக்குள் எழுதினால் 12-லும் ஒரே லெவல் வரும். போதாததற்கு, மிரரில் எழுத்து திரும்பாமல் இருக்க மிர்டெக்ஸ்ட் 0 என்று வைத்திருந்தாலும், மிரர் செய்த பிளாக்கில் அந்த எழுத்து கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறித்தான் தெரியும். அட்ரிபியூட்டாக, அதாவது ஒவ்வொரு இடத்திலும் தனியாக நிரப்புகிற எழுத்தாக வையுங்கள், இரண்டு தொல்லையும் இருக்காது, இன்சர்ட் செய்யும்போதே அந்தந்த லெவலை அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும்.