அவன் 'அவர்' ஆன இடம்

எல்லோருக்கும் வணக்கம். விடாமுயற்சியும் குறிக்கோளும் உள்ள இரண்டு கதாநாயகர்களை எடுத்துப் பேசுங்கள் என்றார்கள். யார் அந்த இரண்டு பேர் என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். நான் இரண்டு கைதிகளைக் கூட்டி வந்திருக்கிறேன். ஒருவன் விக்டர் ஹியூகோ எழுதிய ழான் வல்ழான். 1950-ல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தில் நாகையா நடித்தது இவன் கதைதான். அவனை விரட்டும் போலீஸ்காரனாக நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை ஜாவர் சீதாராமன் என்றே பெயர் நின்றுவிட்டது. இன்னொருவன் அலெக்சாண்டர் டூமாவின் எட்மண்ட் டான்டெஸ், பின்னாளில் மான்டி கிறிஸ்டோ பிரபு.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. 1815 பிப்ரவரி கடைசியில், மார்செய்ல் ஊரில், நிச்சயதார்த்த விருந்தில் உட்கார்ந்திருந்த டான்டெஸைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். 19 வயது. கடலுக்கு நடுவே இஃப் கோட்டை, பாதாள அறை. அதே 1815 அக்டோபரில், தூலோன் சிறையிலிருந்து விடுதலையான வல்ழான் மலையோர ஊர் ஒன்றுக்குள் பசியோடு நடந்து வருகிறான். தூலோனுக்கும் மார்செய்லுக்கும் சுமார் 60 கிலோமீட்டர்தான். ஒருவன் உள்ளே போன வருடம், மற்றவன் வெளியே வந்த வருடம். எழுதிய இருவரும் பிறந்ததுகூட 1802-ல்தான். பேசிவைத்துக்கொண்டு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. 1815 நெப்போலியனின் கடைசி ஆட்டம் நடந்த வருடம். பிரெஞ்சுக்காரர் கதையெழுத உட்கார்ந்தால் பேனா அங்கே போகாமல் இருக்குமா?

சரி, விடாமுயற்சிக்கு வருவோம். அக்காவின் ஏழு பிள்ளைகள் பசியில் கிடக்க, வல்ழான் ஒரு ரொட்டியைத் திருடினான். ஐந்து வருடம் தண்டனை. நான்கு தடவை தப்பப் பார்த்தான். முதல் தடவைக்கு 3 வருடம் கூடியது, அடுத்ததற்கு 5, அப்புறம் 3, அப்புறம் இன்னொரு 3. கடைசித் தடவை அவன் வெளியே இருந்தது நாலு மணி நேரம். ஆக மொத்தம் 19 வருடம். முயற்சி திருவினை ஆக்கும் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கும். இவனுக்கு அது 14 வருடத்தை ஆக்கிக் கொடுத்தது. ஓடி எங்கே போவது என்று அவனுக்கே தெரியாது. கதவு திறந்திருந்தால் பாய்கிற மிருகம் மாதிரி பாய்ந்தான் என்கிறார் ஹியூகோ.

டான்டெஸ் கதை இதற்கு நேர் எதிராகத் தொடங்குகிறது. அவன் முயற்சியைக் கைவிட்டவன். பட்டினி கிடந்து செத்துவிடலாம் என்று, வருகிற சாப்பாட்டையெல்லாம் ஜன்னல் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தான். அப்போது ஒரு ராத்திரி சுவருக்குள் யாரோ சுரண்டுகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டபிறகு கஞ்சியை எடுத்துக் குடிக்கிறான். தண்ணீர்க் கூஜாவை உடைத்து, ஓட்டுத்துண்டால் காரையைக் கீறுகிறான். அது போதவில்லை. சிறைக்காவலன் கொண்டுவரும் சூப்புச் சட்டியில் இரும்புக் கைப்பிடி இருக்கிறது. காவலன் காலில் மிதிபடும்படி தன் தட்டை வாசல் பக்கம் தரையில் வைக்கிறான். தட்டு உடைகிறது. ஊற்ற வேறு பாத்திரம் இல்லாததால் சட்டியையே விட்டுவிட்டுப் போகிறான் காவலன். நெம்புகோல் கிடைத்துவிட்டது. டூமாவின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் இந்த மாதிரி இடங்களில்தான்.

சுரண்டியவர் ஃபரியா பாதிரியார். கடல் பக்கம் போகிறோம் என்று நினைத்து ஐம்பது அடி குடைந்தவர், கணக்குத் தவறி இவன் அறைக்குள் வந்து சேர்ந்தார். அவர்தான் இவனுக்குப் படிப்பு சொல்லித் தந்தார். உன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்பதையும் விசாரித்து விசாரித்து அவரே கண்டுபிடித்துச் சொன்னார். சொன்னபிறகு வருத்தப்பட்டார், உன் மனசில் இல்லாத பழிவாங்கும் எண்ணத்தை நானே போட்டுவிட்டேனே என்று. அவனுக்குக் குறிக்கோள் வந்தது அந்த நாளில்தான்.

வல்ழானுக்கும் அது ஒரு பாதிரியாரிடமிருந்துதான் வந்தது. இடம் கொடுத்த பிஷப் மிரியேல் வீட்டிலேயே வெள்ளிச் சாமான்களைத் திருடினான். போலீஸ் இழுத்து வந்து நிறுத்தியபோது, இந்த மெழுகுவர்த்தித் தண்டுகளையும் உனக்குத்தானே கொடுத்தேன், அதை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்கிறார் கிழவர்.

அப்புறம் இருவருமே செத்துப் பிழைக்கிறார்கள். டான்டெஸைப் பிணம் என்று நினைத்து, காலில் பீரங்கிக் குண்டைக் கட்டிக் கடலில் எறிகிறார்கள். வல்ழான் சவப்பெட்டிக்குள் படுத்துக்கொள்கிறான். இருவரிடமும் பணம் சேர்கிறது, வேறு பெயர்களும் சேர்கின்றன. அதையெல்லாம் விரிக்க நேரம் இல்லை.

1823 கிறிஸ்துமஸ் முந்தின நாள் ராத்திரி. கோசெத் என்கிற எட்டு வயதுப் பெண் காட்டு ஊற்றில் தண்ணீர் எடுத்து வருகிறாள். வாளி அவளைவிடப் பெரிது. நாலடி நடப்பாள், இறக்கி வைப்பாள். கடவுளே, கடவுளே என்கிறாள். சட்டென்று வாளி கனக்கவில்லை. இருட்டில் ஒரு பெரிய கை பிடியைப் பிடித்திருக்கிறது. அவள் பயப்படவில்லை என்று எழுதுகிறார் ஹியூகோ. இந்தப் பக்கத்துக்குப் பிறகு வல்ழானை 'அவன்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவர்தான். மான்டி கிறிஸ்டோவைப் பிரபு, பிரபு என்று பாரிஸே கொண்டாடட்டும், எனக்கு அவன் 'அவன்'தான்.

ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்பீர்கள். பிரபுவின் பழிவாங்கும் திட்டம் ஒன்று எல்லை மீறி, அவனை அன்று சிறைக்கு அனுப்பிய அரசு வழக்கறிஞர் வீல்ஃபோரின் சின்னப் பையன் விஷத்தில் செத்துப் போகிறான். பிரபு எவ்வளவோ பார்த்தும் பிழைக்கவைக்க முடியவில்லை. எனக்கு இதற்கு உரிமை உண்டா என்று முதல் தடவையாக ஆடிப்போகிறான். உடனே என்ன செய்கிறான் தெரியுமா? மார்செய்லுக்குப் போய், படகு பிடித்து, பழைய இஃப் கோட்டைக்குப் போகிறான். இப்போது அது சிறை இல்லை, ஆட்கள் வந்து சுற்றிப்பார்க்கிற இடம். வழிகாட்டி விளக்கைப் பிடித்து, இங்கே ஒரு கைதி இருந்தான் என்று இவன் கதையை இவனுக்கே சொல்கிறான். தான் கிடந்த குழியைப் பார்த்து, பழைய ஆத்திரத்தைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்புகிறான் பிரபு. கடைசி எதிரியை அவன் மன்னித்தது நிஜம். ஆனாலும் அவனுடைய குறிக்கோளுக்கு எண்ணெய் அந்தக் குழியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

வல்ழான் தூலோனுக்குத் தானாகப் போய்ப் பார்த்ததே இல்லை. அவருடைய குறிக்கோள், அவர் எடுத்து வளர்த்த கோசெத்தாக, பக்கத்திலேயே நடந்து வந்தது. அதற்குப் பசிக்கும், உடம்புக்கு வரும், பாவாடை சின்னதாகும். ஒருநாள் அதற்குக் காதலும் வந்தது. அவள் காதலித்த மரியுஸ் மேல் அவருக்குப் பொறாமை, கசப்பு எல்லாம் இருந்தது. அந்த மரியுஸைத்தான் பாரிஸின் சாக்கடைக்குள் கழுத்தளவுச் சேற்றில் முதுகில் தூக்கிக்கொண்டு போனார். காப்பாற்றினால் பெண்ணைக் கொண்டுபோய்விடுவான் என்று தெரிந்தேதான் தூக்கினார்.

அவர் எங்கே போனாலும் ஒரு சின்னப் பெட்டி கூடவே போகும். கோசெத் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, 'பிரியாதது' என்று பெயர் வைத்திருந்தாள். அவள் கல்யாண ராத்திரி விருந்துக்கு உட்காராமலே கிளம்பி வந்து, வீட்டில் அந்தப் பெட்டியைத் திறக்கிறார். முதல் நாள் அவளுக்குப் போட்டுவிட்ட கறுப்புச் சட்டை, பாவாடை, குட்டிச் செருப்பு, காலுறை. ஒவ்வொன்றாகக் கட்டிலில் பரப்பி வைக்கிறார். பிறகு அந்தத் துணிகளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் யாராவது படியேறி வந்திருந்தால் விம்முகிற சத்தம் கேட்டிருக்கும்.