விதைக்கு முன் வெயில்: கடலோர வீட்டில் காய்கறித் தோட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் காய்கறி போடலாம் என்று நினைத்ததும் பலர் முதலில் போவது விதைக் கடைக்கு. பாக்கெட்டில் படம் நன்றாக இருக்கும். பத்து வாங்கி வந்து கண்ட இடத்தில் ஊன்றிவிடுவோம். இரண்டு மாதத்தில் பாகல் கொடி மிளகாய் மேல் ஏறியிருக்கும், கத்தரிக்காயைப் பறிக்கக் கால் வைக்க இடம் இருக்காது. பந்தல் எங்கே, பாத்தி எங்கே, நடக்கும் வழி எங்கே என்று கயிறு பிடித்துக் குறித்த பிறகுதான் விதையைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்த ஒழுங்கு வந்துவிட்டால் அழகுக்கென்று தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

முதலில் வெயில். நம் புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் சித்திரையிலிருந்து ஆவணி தொடக்கம் வரை நாலு மாதம் உச்சி வெயில் தலைக்கு மேலேயோ, சற்று வடக்கிலோ நிற்கும். மீதி எட்டு மாதமும் தெற்கே சாய்ந்துதான் விழும். அதனால் உயரமான எதையும் தெற்கில் வைக்கக் கூடாது. பந்தல் வடக்கு ஓரம். முருங்கை, கறிவேப்பிலை மேற்கு மதில் பக்கம். பங்குனி, சித்திரையில் பிற்பகல் வெயிலைக் கொஞ்சம் தடுக்கும்.

கிழக்கு மேற்காக 20 அடி, தெற்கு வடக்காக 15 அடி இடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே 4 அடி பந்தலுக்கு. அடுத்து 2 அடி வழி. மிச்சமுள்ள 9 அடியில் தெற்கு வடக்காக நாலு பாத்தி. ஒவ்வொன்றும் 4 அடி அகலம், இடையிடையே ஒண்ணேகால் அடி வழி. நாலு அடிக்கு மேல் அகலம் வேண்டாம். இரண்டு பக்கமும் உட்கார்ந்தபடியே கை நடுவரை எட்ட வேண்டும். பாத்திக்குள் மிதித்தால் மண் இறுகி, வேருக்குக் காற்று போகாது. மதிலை ஒட்டிய பாத்தி என்றால் இரண்டே அடி போதும்.

கடற்கரை மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. ஒரு பாத்திக்கு நன்றாக மட்கிய தொழுவுரம் 20 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 1 கிலோ, கிடைத்தால் ஏரி வண்டல் நாலைந்து பாண்டு போட்டு முக்கால் அடி ஆழம் கொத்திக் கலக்குங்கள். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதாக இருந்தால் இரண்டு தண்ணீரில் அலசிவிட்டுச் சேருங்கள். அதிலேயே உப்பு இருக்கும். பாத்தியை அரை அடி உயர்த்தி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைமட்டப் பாத்தியில் இருக்கும் கத்தரியும் மிளகாயும் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகிச் சாய்ந்துவிடும்.

பந்தலுக்குச் சவுக்குக் கழி நமக்குச் சுலபமாகக் கிடைக்கும். ஆறடி உயரம், மேலே ஓரடிக்கு ஓரடி கட்டமாக நைலான் கயிறு. புடலை இரண்டு, பாகல் இரண்டு, பீர்க்கு ஒன்று. ஒரு குடும்பத்துக்கு இதற்கு மேல் வேண்டாம். நெருக்கினால் இலைதான் மண்டும். கடலூர் மாவட்டம் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 2 புடலை குட்டையாகக் காய்ப்பதால் வீட்டுப் பந்தலுக்குத் தோதானது. பூக்கிறது, காய்க்கவில்லை என்று பலர் கொடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். முதலில் வருவதெல்லாம் ஆண் பூதான். பெண் பூவின் அடியில் பிஞ்சு மாதிரி ஒன்று இருக்கும்; அது வரும்வரை பொறுங்கள். பீர்க்கும் புடலையும் பொழுது சாய்ந்த பிறகு பூப்பவை, அந்த நேரம் தேனீ வராது. பிஞ்சு பழுத்து உதிர்ந்தால், ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவின் நடுவில் இலேசாகத் தடவிவிட்டால் போதும். பழ ஈ துளைத்த பிஞ்சுகளைப் பொறுக்கி ஓரடி ஆழத்தில் புதையுங்கள். குப்பையில் போட்டால் புழு மண்ணுக்குள் போய் மறுபடி ஈயாக வரும்.

பாத்திகளில் கத்தரி இரண்டடி இடைவெளி, மிளகாய் ஒன்றரை அடி, வெண்டை ஓரடி. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகிவிட்டால் மருந்து இல்லை. அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அந்தச் செடியை மட்டும் உடனே பிடுங்கிவிடுங்கள். கத்தரிக் கொழுந்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். வாடிய இடத்துக்குக் கீழே வெட்டி நசுக்குங்கள்.

நாலாவது பாத்தி முழுக்கக் கீரைக்கு. மொத்தமாக விதைத்தால் ஒரே வாரத்தில் தெரு முழுக்கக் கொடுக்க வேண்டி வரும். பாத்தியை நாலாகப் பிரித்து வாரம் ஒரு பங்கு முளைக்கீரை விதையுங்கள். ஒரு பங்குக்கு அரைத் தேக்கரண்டி விதை, நாலு மடங்கு மணல் கலந்து. நாலாவது பங்கை விதைக்கும்போது முதல் பங்கு பறிப்புக்கு வந்துவிடும். ஓரத்துக்குச் சிவப்புப் பொன்னாங்கண்ணியும் துலுக்கச் சாமந்தியும் வையுங்கள். நிறமும் வரும், சாமந்தியின் வேர், மண்ணில் இருந்து செடிகளின் வேரைத் தாக்கும் நூற்புழுவையும் ஓரளவு அடக்கும்.

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரிக் கடலை ஒட்டிய ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும், மண்மேல் வெள்ளை பூக்கும். அங்கே தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் தவறு. உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு, வேரடியில், ஆழமாகப் பாய்ச்சுங்கள். அவரையும் பீன்ஸும் உப்பைத் தாங்காது. கொத்தவரை, பருப்புக்கீரை ஓரளவு தாங்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கீரைக்கு விடாமல் கல்வாழைக்கும் வாழைக்கும் திருப்புங்கள்.

கடைசியாகப் புயல். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் அடித்ததையும், 2024 நவம்பர் முடிவில் ஃபெஞ்சல் கொட்டியதையும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆடியில் விதைத்த கொடிகள் ஐப்பசி வாக்கில் ஓயத் தொடங்கும். உடனே அறுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டால் காற்றுக்குப் பந்தல் சாயாது. முருங்கையையும் அப்போதே நாலடிக்கு வெட்டிவிடுங்கள். தை பிறந்ததும் அதே கழிகளில் புதுக் கயிறு கட்டி, அடுத்த விதையை ஊன்றலாம்.

வணக்கம்.