ஹோலி: சாயத்துக்கு முந்தைய இரவு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஹோலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சாயப்பொடி. சினிமா நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. ஆனால் மதுரா, பிருந்தாவனம், பர்சானா அடங்கிய விரஜ பூமியில் பண்டிகையின் உயிர் முதல் நாள் இரவு மூட்டும் தீயில் இருக்கிறது. மறுநாள் சாயம் பூசுவதற்குத் துலேண்டி என்று தனிப் பெயரே உண்டு. அதனால் இன்று தீயைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் நாள் கணக்கு. பால்குன மாதப் பௌர்ணமி. "அப்படியானால் நம் பங்குனி உத்திரம்தானே?" என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளில் ஆமாம். 2024-இல் இரண்டுமே மார்ச் 25. 2025-இல் ஹோலி மார்ச் 14, உத்திரமோ ஏப்ரல் 11. பால்குனம் சந்திரனை வைத்து வரும் மாதம். நம் பங்குனி சூரியனை வைத்து வருவது. 2025 மார்ச் 14 அன்று நமக்கு மாசியே முடியவில்லை.

அடுத்து தீ மூட்டும் நேரம். ஆண்டுதோறும் சச்சரவு வருவது இங்கேதான். அந்தி சாய்ந்த பிரதோஷ வேளையாக இருக்க வேண்டும், பௌர்ணமித் திதி இருக்க வேண்டும், பத்திரை கரணம் இருக்கக் கூடாது. கரணம் என்பது ஒரு திதியின் பாதி; பத்திரை நல்ல காரியத்துக்கு ஆகாத கரணம். நம் பஞ்சாங்கத்தில் வரும் அதே பத்திரைதான். சிக்கல் என்னவென்றால், பௌர்ணமித் திதியின் முதல் பாதி எப்போதுமே பத்திரை. திதி காலை பத்து மணிவாக்கில் பிறந்தால், பத்திரை கழிய இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும். 2024, 2025 இரண்டு ஆண்டும் பதினொன்றைத் தாண்டியது. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று ஏழு மணிக்கே கொளுத்துகிறவர்களும் உண்டு; பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஏற்பாடு வசந்த பஞ்சமியன்றே, அதாவது முந்தைய மாத வளர்பிறை ஐந்தாம் திதியன்றே தொடங்கிவிடும். தீ மூட்டும் இடத்தில் ஒரு கம்பு நடுவார்கள். பல ஊர்களில் ஆமணக்கு, ராஜஸ்தான் பக்கம் வன்னி. அன்றிலிருந்து பௌர்ணமி வரை 40 திதிகள். அதைச் சுற்றி விறகும் சருகும் சேரும். வீடுகளில் பசுஞ்சாணத்தை மெதுவடை போலத் தட்டி, நடுவில் விரலால் துளை போட்டுக் காய வைப்பார்கள். இதற்குக் குலரி என்று பெயர். காய்ந்ததும் கயிற்றில் கோத்து மாலையாக்கிக் குவியல் மேல் போடுவார்கள். தடிமனாகத் தட்டினால் மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். தீயில் போட்டால் புகைதான் வரும். மெல்லிசாகத் தட்டி, இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு, நல்ல வெயிலில் நான்கைந்து நாள் வைக்க வேண்டும். பௌர்ணமிக்கு முந்தின நாள் தட்டிப் பயனில்லை.

பூஜை எளிது. தண்ணீர், குங்குமம், அட்சதை, வெல்லம், மஞ்சள். முறுக்கேறாத பருத்தி நூலைக் குவியலைச் சுற்றி மூன்று அல்லது ஏழு சுற்று சுற்றுவார்கள். பிறகு தீ.

இனிதான் முக்கியமான விஷயம். வயலில் கோதுமை முற்றிக்கொண்டிருக்கும் காலம் அது. புதுக் கதிரையும் காயோடு கூடிய பச்சைக் கொண்டைக்கடலைச் செடியையும் கரும்பு நுனியில் கட்டித் தீயில் காட்டி வாட்டுவார்கள். கொழுந்து விட்டு எரியும்போது நீட்டினால் மீசை பொசுங்கி மணி கரியாகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். தழல் தணிந்த பிறகு ஓரத்துக் கங்கில் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். பிறகு உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு, ஆளுக்கு நாலு மணி. அரைகுறையாக வாட்டிய தானியத்துக்கு வடமொழியில் ஹோலகம் என்று பெயர். பண்டிகையின் பெயரே இதிலிருந்து வந்தது என்போர் உண்டு. பிரகலாதனை மடியில் வைத்துத் தீயில் அமர்ந்து, தானே எரிந்துபோன ஹோலிகையின் கதையைவிட இந்த நாலு மணிதான் பழையது என்பது என் எண்ணம். பொங்கலுக்குப் புதுநெல் எப்படியோ, அப்படி.

சாயத்துக்கு வருவோம். பழைய சாயம் பலாசப் பூ. நம் ஊர்ப் புரசுதான். மாசி பங்குனியில் இலை உதிர்த்து, மரம் முழுக்க ஆரஞ்சு நிறமாக நிற்கும். உலர்ந்த பூ 100 கிராம், தண்ணீர் 2 லிட்டர். இரவு ஊற வைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்ட வேண்டும். வெளிறிய மஞ்சளாக இருந்தால் ஒரு சிட்டிகை வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்தால் ஆரஞ்சு ஏறும். சிட்டிகைக்கு மேல் போனால் தோல் எரியும், கண்ணுக்கும் ஆகாது. கடைப்பொடி பூசிக்கொள்கிறவர்கள் முன்னதாகவே எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பிறகு உலர்ந்த துணியால் உதறித் துடைத்த பின்பே தண்ணீர். மஞ்சள் கலந்த பொடி மேலே சோப்பு பட்டால் சிவந்துவிடும். பலர் பயந்து இன்னும் தேய்ப்பார்கள்!

பலகாரம் குஜியா. உருவத்தில் நம் சோமாசிதான், பூரணம் பால்கோவா. நாலு கப் மைதாவுக்கு ஒரு கப்புக்குச் சற்றுக் குறைவாக நெய். பிசிறிக் கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும். கோவா சூடாக இருக்கும்போது சர்க்கரை சேர்த்தால் இளகி, எண்ணெயில் வாய் பிளந்துவிடும். ஆறவிட்டுச் சேருங்கள்.

கடைசியாக, அந்த ஆமணக்குக் கம்பு. நம் ஊர்க் காமன் பண்டிகையிலும், இலங்கை மலையகத்துக் காமன் கூத்திலும் மாசி அமாவாசை கழிந்து கம்பம் நடுகிறார்கள்; அதிலும் ஆமணக்கு உண்டு. பௌர்ணமியன்று எரிப்பு. வடக்கே அந்தக் கம்பு பிரகலாதன். தீ பற்றியதும் ஒருவர் ஓடிப்போய் அதை உருவி எடுத்துக் காப்பாற்றுவார். இங்கே அது மன்மதன். எரிந்தே ஆக வேண்டும். அப்புறம் அவன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி இரண்டும் விடிய விடிய, ஒருவருக்கொருவர் பாட்டாலேயே வாதாடும் லாவணி பாடும்.